ஆண்மீன் மட்டும்

ஹயாத் பாஷாவின் வீட்டில் எப்படியும் இருநூறு உயிர்கள் இருக்கும். பேச்சுத்துணைக்குத்தான் ஒன்றும் இல்லை. எல்லாம் கப்பி மீன்கள். மனைவி ஆசியா பீவியை அடக்கம் செய்த மறுமாதம், சென்னையிலிருக்கும் மகன் "இங்க வந்துடுங்க அத்தா" என்று கூப்பிட்டான். "மீனுக்கு யாரு தீனி போடுறது?" என்று கேட்டு இவர் தப்பித்துக்கொண்டார். மகனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று பாஷாவுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு.

கப்பி வளர்ப்பில் அவரை மிஞ்ச கள்ளக்குறிச்சியில் ஆள் கிடையாது. பெண்மீனின் வயிற்றடியில் கரும்புள்ளி பெரிதாகி, வயிறு பெட்டி போல உப்பினால் இன்றோ நாளையோ குட்டி என்று கண்டுகொள்வார். உடனே அதைத் தனித்தொட்டிக்கு மாற்றிப் பாசியை அடர்த்தியாகப் போடுவார். பெற்ற குட்டியையே தின்றுவிடும் ஜாதி அது. குட்டிகள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பிறகு தாயை எடுத்துவிட்டு, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்து இம்மியளவு தூவுவார்.

கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார். வருகிறவர்கள் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசுவார்களே என்ற ஆசைதான். ஆனால் ஜோடியாக வாங்கிப் போனவர்கள் வீட்டில் நாலே மாதத்தில் தொட்டி நிறைந்துவிட்டது. அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க அவர்களுக்கு என்ன வந்தது? தெருவில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. மூன்று வீடுகளை இப்படி இழந்த பிறகு பாஷாவுக்குக் கோணல் புத்தி ஒன்று தோன்றியது. ஆண்மீன்களை மட்டும் கொடுக்க ஆரம்பித்தார். நிறமெல்லாம் ஆணுக்குத்தான் என்பதால் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். குட்டி வராது. ஒவ்வொன்றாகச் செத்ததும் திரும்ப வந்துதானே ஆகவேண்டும்?

அப்படி மாட்டியவன் கொளஞ்சியப்பன். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறவன். கடைச் சாமான் ஏற்ற வியாழக்கிழமைதோறும் கீழே இறங்குவான். அவன் மனைவி செவ்வந்தி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று அவளுக்காக நல்ல கலராக ஆறு மீன் கேட்டு வந்தான். மலைக்குளிருக்கு அவை சீக்கிரமே செத்தன. அதனால் அடிக்கடி வந்தான். டீ குடித்தான். மழையில் ஜீப் சேற்றில் சிக்கிய கதையைச் சொன்னான். வியாழக்கிழமை என்றால் பாஷா காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை கொளஞ்சியப்பன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"பாய், இந்த மீனு குட்டி போடும்தானே?"

"போடும்."

"எங்க வூட்ல போடலியே. பத்து மாசமா படுத்துக்கினே பாத்துக்கினு இருக்கா. எங்களுக்குக் கல்யாணமாகி பதினாறு வருசம், ஒண்ணும் இல்ல. இப்ப இன்னா சொல்றா தெரியுமா? 'நான் இருக்கிற வூட்ல மீனுக்குக்கூட வயிறு தொறக்காது'ங்கிறா. ரெண்டு நாளா சரியா சோறு துன்னல."

பாஷாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் செய்த சூதுக்கு, பார்த்தேயிராத ஒருத்தி மலைமேல் கிடந்து தன்னையே நொந்துகொள்கிறாள். உண்மையைச் சொன்னால் இவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான். பெண்மீனைக் கொடுத்தாலோ, இவன் வரவேண்டிய அவசியமே தீர்ந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் வியாழக்கிழமை போய்விடும்.

எழுந்து போய், இருப்பதிலேயே நல்ல பெண்மீன்களாக மூன்றைப் பிடித்துப் பையில் விட்டார். கைநிறையப் பாசியும் போட்டார்.

"மூணும் பொட்ட. செனையா இருக்கு. குலுக்காம எடுத்துக்கினு போ. இதுவரிக்கும் நான் குடுத்ததெல்லாம் ஆணுப்பா. எல்லாமே ஆணு."

திட்டுக்காகக் காத்திருந்தார்.

"நான்தானே பாய் கலரா குடுங்கன்னு கேட்டேன். நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றான் கொளஞ்சியப்பன்.

அவன் திட்டியிருந்தால் தேவலை. பாஷா, தாயை எப்போது பிரிக்கவேண்டும், தொட்டியை ஏன் அடுப்படிப் பக்கம் வைக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"பாய்! போட்டுடுச்சு பாய்! இருபத்திமூணாம். செவ்வந்தி எண்ணிக்கினே இருக்கா. சிரிக்கிறா பாய்!"

"பாசிக்குள்ள இன்னும் ரெண்டு கீது, சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டுவிட்டார், "வியாழக்கிழம வருவதானே?"

"இனிமே எதுக்கு பாய்? இத்தினி நாளா உங்களுக்கு ரொம்பத் தொல்ல குடுத்துட்டேன். இனிமே தொல்ல பண்ணமாட்டேன்."

நன்றியோடுதான் சொன்னான். போனை வைத்துவிட்டான்.

திரும்பக் கூப்பிடலாம்தான். என்னவென்று சொல்லி வரச்சொல்வது? சும்மா வாப்பா என்று ஒரு மனிதனைக் கூப்பிட, அறுபத்தெட்டு வயதில் பாஷாவுக்கு வாய் வரவில்லை.