முதல் மழைத் தண்ணீர்

பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அப்படியில்லை. அந்தமானில் ஒரு படகின் எஞ்சின் அறைக்குள் குந்தி உட்கார்ந்து, பேட்டரி மூடியைத் திருகித் திறந்து, அந்த வாடையை முகர்ந்த பகல் ஞாபகத்துக்கு வந்துவிடும். அன்றைக்கே மேலே ஏறிப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வயதாகிவிட்டது என்பதற்காக அது சின்னத் தப்பாகிவிடுமா என்ன?

அறுபதுகளின் கடைசி. ஹேடோ துறைமுகத்திலிருந்து வடக்கே போகிற ஒரு படகில் நான் வயர்மேன். அரிசி, மண்ணெண்ணெய், விதை நெல், மருந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, அரை நாள் கடலில் போய், அப்புறம் கடல் உள்ளே புகுந்த கழிக்குள் நுழைவோம். பார்த்தால் ஆறு மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் வேர்களை விரித்துக்கொண்டு சதுப்பு மரங்கள், நடுவில் பாசி நிறத்தில் தண்ணீர். ஐந்தாறு நாள் அதற்குள்ளேயே வளைந்து வளைந்து போக வேண்டும். துறைகளில் புதிதாகக் குடியேறிய வங்காளிகள் 'சாவல் ஆயா?', அரிசி வந்ததா என்று கத்திக்கொண்டு நிற்பார்கள். படகில் மின்சாரம் என்று பார்த்தால் இரண்டு பேட்டரி, ஒரு டைனமோ, ஸ்டார்ட்டர், எட்டு பல்பு. அவ்வளவுதான். ஆனால் உப்புக்காற்று ஒரே இரவில் முனைகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். உப்புத்தாளை வைத்துக்கொண்டு தேய்ப்பதிலேயே என் பயணம் பாதி கழிந்துவிடும்.

படகை ஓட்டியவர் சராங்கு. ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், முஸ்லிம். தண்ணீரின் நிறத்தை வைத்தே அடியில் சேறா, வேரா என்று சொல்லிவிடுவார். நான் அவரை பாய் என்பேன். அவர் என் பெயரையே மறந்துவிட்டார் போல, எப்போதும் 'கரண்டு'தான். பல்பு ஒன்று மினுக்கினால் போதும், "என்னா கரண்டு, பல்பும் எரியல, உன் மூஞ்சியும் எரியலையே?" என்பார். அவர் மனைவி ஊரில் இருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. அந்த ஆண்டு பெரிய கப்பல் ஒன்றில் சராங்கு வேலை காலியானது. அதோடு ஹேடோவில் குடும்ப குவார்ட்டர்ஸும் உண்டு. இவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. "கடல் பாத்த சன்னல் வேணுமாம், லெட்டர் போட்டிருக்கா. சன்னல என்ன நானா வைக்கிறேன்?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. அதற்கு செல் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கப்பல் தாமதமானால் ரேடியோ ஊமை. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் கேட்கவே, படகு பேட்டரியிலேயே மூன்று அறைகளிலிருந்து ஆறு வோல்ட் வருகிற மாதிரி வயர் இழுத்துக் கொடுத்தேன். விதிப்படி செய்யக்கூடாத காரியம். மத்தியானச் சாப்பாட்டின்போது பழைய பாட்டு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். "அவளும் இப்ப இதத்தான் கேட்டுக்கிட்டிருப்பா" என்பார்.

பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் மெயின்லேண்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். அது தீர்ந்துபோனால் மழைத் தண்ணீர். அதைப் பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. படகின் கூரைத் துணியில் கடல் சாரல் பட்டு உப்பாகக் காய்ந்திருக்கும். முதலில் பெய்கிற மழை அதைக் கழுவிக்கொண்டு ஓடட்டும் என்று கால் மணி நேரம் விட்டுவிட்டு, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகுதான் வாளியை நீட்ட வேண்டும். படகில் காலை வைத்த முதல் நாளே எவனும் கற்றுக்கொள்கிற பாடம் இது. அந்த ஆண்டு ஒரு பயணத்தில், இரண்டாம் நாள் மத்தியானம் தூறல் போட்டது. இரண்டு பேட்டரியிலும் தண்ணீர் வற்றி உள்தகடு தெரிந்துகொண்டிருந்தது. எங்கே மழை நின்றுவிடுமோ என்று உடனே வாளியை நீட்டினேன். பத்து நிமிடத்தில் நின்றும்விட்டது. நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாததா என்கிற திமிர்! இரண்டு பேட்டரிக்கும் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை ஒரு துறையில் மூட்டைகளை இறக்கி முடித்தோம். ஓதம் வற்றத் தொடங்கியிருந்தது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான். முனைகளைத் தேய்த்தேன். ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். டைனமோ வயரை முழுக்கத் தடவிப் பார்த்தேன். கடைசியில்தான் பேட்டரி மூடியைத் திறந்தேன். குப்பென்று பிளீச்சிங் பவுடர் வாடை. பேட்டரி ஆசிட்டில் உப்பு கலந்தால்தான் அந்த வாடை வரும், பேட்டரியும் செத்துப்போகும். ஓடிப்போய் வாளியின் அடியில் விரலை விட்டு நக்கினேன். கரித்தது. மேலேயிருந்து சராங்கு, "கரண்டு, தண்ணி வத்துதுப்பா, சல்தி!" என்று கத்தினார். "இதோ ஆச்சு பாய்" என்றேன். என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடி போட்டு நாலு பேர் மாற்றி மாற்றிச் சுற்றியும் எஞ்சின் எழும்பவில்லை. தண்ணீர் இறங்க இறங்கப் படகு சேற்றில் உட்கார்ந்து ஒருபக்கம் சாய்ந்தது. வேரில் மாட்டி, படகை அடியிலிருந்து தள்ளுகிற விசிறியின் தண்டு வளைந்துபோனது. மூன்றாம் நாள் இன்னொரு படகு வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனது.

ஹேடோவில் விசாரணை. அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. படகிலிருந்து கழற்றிய ரேடியோ வயர் அவர் மேஜைமேல் கிடந்தது. பேட்டரி இறங்கியதற்கு இதுதான் காரணமா என்று என்னைக் கேட்டார். அந்த ரேடியோ ஒரு வாரம் ஓயாமல் பாடினாலும் அந்தப் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். "இருக்கலாம் சாப்" என்றேன். "யே தார் கிஸ்னே லகாயா?" என்றார். வயர் போட்டது யார் என்று. "மாலூம் நஹீ, சாப்" என்றேன், தெரியாது என்று. பக்கத்தில் நின்ற சராங்கு திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதிகாரியிடம், "மைனே லகாயா, சாப்" என்றார். நான்தான் போட்டேன் என்று. அப்போதும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீ, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பெரிய கப்பல் வேலை வேறொருவருக்குப் போனது. சராங்கைப் படகிலிருந்து இறக்கி, தெற்கே இன்னொரு தீவிலிருந்த ஹட் பேயில் கப்பல்துறை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆண்கள் தங்குகிற கொட்டகை மட்டும்தான். மறு ஆண்டு எனக்கு ஹேடோவில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குடும்பத்தைக் கூட்டிவந்தேன். சன்னலைத் திறந்தால் கடல். என் மனைவி அங்கே நின்று வேடிக்கை பார்க்கும்போதெல்லாம் நான் ஏதாவது வேலை இருப்பது போல வெளியே போய்விடுவேன்.

ஏழு வருடம் கழித்து ஒரு வேலையாக ஹட் பே போனேன். துறையில் கப்பல் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. "அட, கரண்டு! வா வா" என்று கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துப் போனார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அவ மவுத்தாயி ரெண்டு வருஷமாச்சுப்பா. கப்பல் கிடைக்கல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மழைத் தண்ணீர், உப்பு, வாடை, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் தம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெரியும்பா. அன்னைக்கு உன் வாளித் தண்ணியிலதான சமையக்காரன் டீ போட்டான்? வாயில வைக்க முடியல, கரிச்சுது. மறுநாள் நீ பேட்டரியத் திறந்துபுட்டு ஓடியாந்து வாளிய நக்கி முழிச்ச முழிய மேலேருந்து பாத்ததும் மிச்சமும் புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் பாய் சாப் கிட்ட சொல்லல? வயரையும் நீங்க போட்டதா ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். விசாரணை அறையில் பார்த்த அதே நிதானம்.

"நான் அப்படிச் சொன்னா, அதக் கேட்டாச்சும் நீ வாயத் திறப்பேன்னு நெனச்சேன்ப்பா" என்றார்.