குமாரவேலின் பன்னிரண்டாவது வைஸ்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகிற ஷேர் ஆட்டோக்களில் குமாரவேல் அண்ணன் ஓட்டுகிற வண்டியில் மட்டும் கால் வைக்க இடம் இருக்காது. சீட்டுக்கு அடியில், சாக்கு சுற்றி, ஏதாவது ஒரு இரும்பு கிடக்கும். பட்டுக்கடை வேலைக்குப் போகும் பெண்கள் முணுமுணுப்பார்கள்.

"இன்னாண்ணே இது, முட்டியில இடிக்குது?"

"வைஸும்மா. மேல காலை வெச்சிக்கோ. அதுக்கு வலிக்காது."

"எங்களுக்கு வலிக்குதே!"

அண்ணன் சிரித்துக்கொண்டே கியர் போடுவார்.

வைஸைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. பட்டறை மேசையின் ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இரண்டு தாடை. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு தாடை நகர்ந்துபோய் இன்னொன்றோடு சேர்ந்து, நடுவில் வைத்த இரும்பைக் கவ்விக்கொள்ளும். பிறகு அறுக்கலாம், அரத்தால் ராவலாம், அடிக்கலாம். அசையாது. சைக்கிள் கடையில் இருக்கும், தறிக்கு ஜக்கார்டு பெட்டி ரிப்பேர் செய்கிற இடத்தில் இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அண்ணன் ஒருவர்தான் அந்த வைஸைப் பார்ப்பார். அது உடைந்தோ துருப்பிடித்தோ ஓரம் கட்டப்படும் நாளுக்காகக் காத்திருந்து வாங்கி வருவார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு குழாயடிதான். எங்கள் ஆட்களில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதைத் தெருவில் யாரையும் நான் மறக்க விட்டதில்லை. என் பெயரோடு பி.காம். சேர்த்துக் கூப்பிட்ட முதல் ஆள் குமாரவேல் அண்ணன்தான். "இன்னா பி.காம்., டீ சாப்பிட்டியா?" கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் எட்டாவது வரைதான் படித்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஒரு நாள் கான்ட்ராக்ட் மாறியது. புதிதாக வந்தவர்கள் நாற்பதைத் தாண்டியவர்களை எடுக்கவில்லை. சர்டிபிகேட் இல்லாதவர்களையும் எடுக்கவில்லை. அண்ணனிடம் இரண்டு குறையும் இருந்தன. அதன் பிறகு வாடகை ஆட்டோ, அப்புறம் இந்த வைஸ்கள்.

வீட்டின் பின்புறம் தகரம் போட்டு, அதன் கீழே வேலை நடக்கும். துருப்பிடித்ததை டீசலில் ஊறப்போடுவார். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். மரை தேய்ந்த ஸ்க்ரூவை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் புதிதாகக் கடைந்து வருவார். கடைசியில் பச்சை பெயின்ட். எதற்கென்று கேட்டால், "சும்மா கெடக்குதே, பாவம்" என்பார். வாங்க யாரும் வந்ததில்லை. புது வைஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

அவர் மனைவி வடிவக்கா காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடித்து அடுக்கும் வேலை செய்கிறாள். விரல் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டிய வேலை. அதனால் அந்தத் தகரத்துக்குக் கீழே அவள் கால் வைத்ததே இல்லை. கல்யாணத்துக்குப் போனால்கூட அவள் பேச்சு அதைச் சுற்றித்தான் வரும்.

"மத்தவ புருஷனெல்லாம் நகை வாங்கியாறான். எங்காளு காயலாங்கடைக்குப் போயி, சட்டி வாங்கறவளாட்டம் தட்டித் தட்டிப் பாத்து, ஓட்டை இரும்பைத் தூக்கிக்கினு வர்றாரு."

தட்டிப் பார்ப்பது நிஜம். வைஸின் உடம்பு வார்ப்பிரும்பு. ஸ்பேனரால் தட்டினால், நல்ல வார்ப்பு கணீரென்று கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் சப்பென்று அங்கேயே செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தெரிந்துவிடும். தட்டாமல் அண்ணன் எதையும் வாங்க மாட்டார்.

நான் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி மையத்தில் ஆபீஸ் வேலை பார்த்தேன். போன தை மாதம் அங்கே புதுப் பட்டறை கட்டி முடித்தார்கள். பன்னிரண்டு மேசை போட்டாயிற்று. மேசைக்கு ஒன்றாக வைஸ் வேண்டும். தாளாளர் ராஜகோபால் சார் விலை விசாரித்துவிட்டு முகத்தைச் சுளித்தபோது, அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

சார் நேரிலேயே வந்து பார்த்தார். ஒவ்வொன்றின் கைப்பிடியையும் சுற்றிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தன.

"நீயே பண்ணதாய்யா எல்லாம்?"

"ஆமாங்க சார்."

"அப்போ பட்டறையைப் பாத்துக்கிற ஆளா நீயே வந்துடு. மாசச் சம்பளம், பி.எஃப்., ஐ.டி. கார்டு எல்லாம் உண்டு. சர்டிபிகேட் இல்லன்னா பரவால்ல, நான் பாத்துக்கிறேன். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள பூஜை முடியணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. பன்னெண்டு மேசையிலயும் வைஸ் இருக்கணும். நல்ல காரியத்துல ஒரு மேசை மூளியா நிக்கக் கூடாது."

அவர் கார் தெருமுனை திரும்பியதும், கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வடிவக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஐ.டி. கார்டுன்னா கழுத்துல மாட்டிக்கிறதா தம்பி? போட்டோ போட்டு?"

"ஆமாக்கா. நீலக் கயிறு."

மறுநாள் அவள் அண்ணனுக்கு இரண்டு சட்டை எடுத்து வந்தாள். அந்த வீட்டில் 'ஓட்டை இரும்பு' என்ற பேச்சு அன்றோடு நின்றது. தகரத்துக்குக் கீழே லைட் பத்தவில்லை என்று அவளே பல்பு மாற்றச் சொன்னாள்.

சொல்லும்படி இருந்தவை பதினொன்றுதான். பன்னிரண்டாவது, தென்னேரியில் மூடிப்போன ஒரு ரைஸ்மில்லிலிருந்து வந்தது. பெரிய வைஸ். நகரும் தாடையின் கழுத்தில் விரிசல் இருந்தது. தட்டிப் பார்த்து, விரிசல் தெரிந்தும், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வாங்கிப் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயந்தரம் கேஸ் சிலிண்டர் வாடகைக்கு எடுத்து வந்து, தாடையைச் சிவக்கச் சுட்டு, பித்தளைக் கம்பியை உருக்கி விரிசலில் ஓடவிட்டார். ஓடிய பித்தளை சின்ன வாய்க்காலில் தண்ணீர் போவது போல வளைந்து போய் நின்றது. வார்ப்பிரும்பைச் சூடாக்குவது பெரிய காரியமில்லை. ஆறவிடுவதுதான் காரியம். சட்டென்று குளிர்ந்தால் பிளந்துகொள்ளும். ஒரு டிரம் நிறைய உமியைக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் தாடையைப் புதைத்தார். கனன்றுகொண்டே இருக்கிற சாம்பலில் அது விடிய விடிய மெல்ல ஆற வேண்டும்.

"நாளைக்குக் கெளம்பறப்போ கடைசியா எடுத்து மாட்டிக்கலாம் பி.காம்.," என்றார். வடிவக்காவிடம் அதைத் தொடாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அவள்தான் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லையே.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் அண்ணனும் போய் ஒரு குட்டியானை வண்டியைக் கூட்டி வந்தோம். வந்து பார்த்தால் வாசலில் கோலம். கோலத்தைச் சுற்றி வைஸ்கள் வரிசையாக நின்றன. எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்குக்கூட அந்த வீட்டில் இப்படி நடந்ததில்லை. கடைசியில் ரைஸ்மில் வைஸ். அதன் பக்கத்திலேயே, டிரம்மிலிருந்து எடுத்த தாடை. அதன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பொட்டு.

வடிவக்கா புதுப்புடவையில் நின்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் நானே எடுத்தாந்து வெச்சேன் பாத்துக்கோ. இதை மட்டும் தூக்கவே முடியல, அப்படிச் சுட்டுது. புடவைக்கடைக்காரி கைதானே. அப்புறம் மஞ்சத்தண்ணிய ரெண்டு குடம் ஊத்தினேன், 'சுர்'ருனு அடங்கிச்சி. கழுவாம எப்படிப் பொட்டு வெக்கறது?"

அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த சின்ன ஸ்பேனரை எடுத்துத் தாடையில் தட்டினார். சப்பென்று கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டினார். அதேதான்.

"இன்னா, இங்கயும் சட்டி வேவாரமா?" என்று வடிவக்கா சிரித்தாள். "எப்படி இருக்குது?"

அவர் அவளுடைய சிவந்த கையைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுமா," என்றார். "ஜோரா இருக்குது."

தாடையை மாட்டி, ஸ்க்ரூ போட்டு, வண்டியில் ஏற்றினோம். அவள் கையைக் கூப்பிக்கொண்டு தெருமுனை வரை வந்தாள். வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"வுட்டுட்சி பி.காம். பித்தளைக்குப் பக்கத்துலயே புதுசா விரிசல் ஓடியிருக்குது."

"அப்போ இதை எறக்கிடலாம்ணே. பதினொண்ணோட போவோம்."

"மூளின்னுவாரு. கேட்டல்ல? கும்புடத்தானே போறாங்க, யாரும் இறுக்கப் போறதில்ல. கடைசி மூலையில வெச்சிட்டா தெரியாது. ஞாயித்துக்கிழமை கழட்டியாந்து திரும்பச் சுட்டுட்டு மாட்டிடறேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

பூஜை நேரத்தில் முடிந்தது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. சார் முகத்தில் திருப்தி. சிறப்பு விருந்தினராக ஒரு கம்பெனி மேனேஜர் வந்திருந்தார். அவர் ஒரு இரும்புத் துண்டை வைஸில் வைத்து இறுக்கி அரத்தால் ராவுகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று போட்டோகிராபர் கேட்டான். முதல் மேசையில் நிற்க வைத்தான். கேமராவில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இங்க இருட்டடிக்குது சார். அந்த மூலையில ஜன்னல் வெளிச்சம் சூப்பரா இருக்குது, அங்க வாங்க."

அண்ணன் முந்திக்கொண்டு ஓடினார். "சார், அது... அதுல பெயின்ட் காயல சார். பக்கத்து மேசையில நிக்கலாம்."

"பெயின்ட்தானேப்பா," என்று மேனேஜர் சிரித்தபடி கைப்பிடியைப் பிடித்தார். வாட்டசாட்டமான ஆள். போட்டோவுக்காக நன்றாகவே இறுக்கினார்.

பெரிய சத்தம்கூட இல்லை. ஓடு விரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தாடையின் தலை, சந்தனமும் குங்குமமுமாகக் கழன்று, மேனேஜரின் ஷூவுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது. புது டைல்ஸ் பெயர்ந்தது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் அவர் கால்.

ராஜகோபால் சார் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜரை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"முதல் நாளே உடைஞ்சி விழுதேய்யா! பசங்க கால்ல விழுந்திருந்தா? இன்னா ஒட்டு ஒட்டினே?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"என் தப்பு சார். பித்தளை சரியாப் புடிக்கல."

"மிச்சத்தையும் எடுத்துக்கினு போயிடு. எனக்குப் புதுசே போதும்."

வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

வீட்டிலும் அதையேதான் சொன்னார். "ஒட்டு நிக்கலமா. என் கை சரியில்ல." வடிவக்கா முதலில் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"இத்தினி வருசமா இதுலயே பொரண்டுக்கினு இருந்தியே, ஒரு ஒட்டு ஒழுங்காப் போடத் தெரியலயா உனக்கு? நான் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். எல்லாத்தையும் தூக்கிப் போடு. இனிமே ஒரு ஆணி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"சரிம்மா."

அவர் அவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் காயலாங்கடை பாய் தட்டுவண்டியோடு வந்தார். கனத்தைக் குறைக்க, அண்ணன் ஒவ்வொரு வைஸிலும் ஸ்க்ரூவைக் கழற்றித் தாடையைத் தனியாக உருவி எடுத்தார். எடுக்க எடுக்க, பழக்கத்தில், ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிவிட்டு வைத்தார். கணீர். அடுத்தது, கணீர்.

"எடைக்குப் போடறதுக்கும் தட்டிப் பாக்கணுமா?" என்று பாய் சிரித்தார். "எனக்கு எல்லாம் ஒரே ரேட்டுதான்பா."

வடிவக்கா வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தாள். செருப்பில் காலை நுழைத்தவள் அப்படியே நின்றாள். இன்னொரு தாடை. கணீர்.

"இதெல்லாம் இப்படிக் கேக்குதே," என்றாள்.

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கி தட்டினியே. அது இப்படிக் கேக்கலயே."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் வற்றித் தோல் உரிந்திருந்தது.

"நான் தண்ணி ஊத்தினதாலயா?"

"பாய் நிக்கிறாரு. அப்புறம் பேசிக்கலாம், போ. கடைக்கு நேரமாவுது."

"தெரிஞ்சேதான் ஏத்திக்கினு போனியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லி?" என்றார் அண்ணன். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

பாய் முதல் வைஸைத் தூக்கக் குனிந்தார். "இருங்க," என்று வடிவக்கா தடுத்தாள். விழா நாளில் வைத்த குங்குமம் எல்லாவற்றிலும் காய்ந்து ஒட்டியிருந்தது. "பொட்டோட எடைக்குப் போடக் கூடாது."

கடைக்குக் கட்டிய புடவையோடு அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். குங்குமம் பச்சைப் பெயின்ட்டுக்குள் இறங்கியிருந்தது, லேசில் போகவில்லை. பாய் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் அவள் துடைத்துக் கொடுத்ததையெல்லாம் வாங்கி, தட்டிப் பார்க்காமல், வண்டியில் வைத்தார்.