டாக்டரிடம் மறைத்த சூரணம்

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னிக்க வேண்டும்.

என் கணவர் முட்டிவலிக்காகச் சிதம்பரத்தில் ஒரு சித்த வைத்தியரிடம் சூரணம் வாங்கிச் சாப்பிட்டு வந்தார். இந்த வருடம் பித்தப்பைக் கல்லுக்குக் கடலூரில் ஆபரேஷன் என்று முடிவானது. செலவுக்கு இன்சூரன்ஸைத்தான் நம்பியிருந்தோம். "நாட்டு மருந்து சாப்புடுறது தெரிஞ்சா இன்சூரன்ஸ்ல கை விரிச்சிடுவாங்க மாமா. வாயத் தொறக்காதீங்க" என்றான் என் தம்பி. அதனால் டாக்டர் கேட்டபோது வேறு மருந்து எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டோம்.

ஆபரேஷனன்று காலையில் வந்த நர்ஸ், "என்னண்ணே, தைலம் மணக்குது? உள்ளுக்கும் ஏதாவது சாப்புடுறீங்களா?" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. "சில மூலிகை சாப்பிட்டா ரத்தம் சீக்கிரம் உறையாது. ஆபரேஷன் நடுவுல ரத்தம் நிக்கலன்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டுவிட்டு, சூரணத்தை நிறுத்தச் சொல்லித் தேதியைத் தள்ளி வைத்தார்.

மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் இருந்த பெண்ணிடம், தம்பி சொன்னதைச் சொல்லித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதுக்காகல்லாம் பணத்த நிறுத்த மாட்டாங்கக்கா. உங்க பாலிசியில, அங்கீகாரம் உள்ள சித்த ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா அதுக்கே பணம் உண்டு. உங்க தம்பி என்ன, இன்சூரன்ஸ் மேனேஜரா?" என்று சிரித்தார்.

பிறகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். பாலிசியில் சந்தேகம் என்றால் அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தேதி தள்ளிப்போனதற்கு மறுநாளே சிதம்பரம் போய் வைத்தியரிடமும் விஷயத்தைச் சொன்னோம். ஆபரேஷன் முடியும்வரை சூரணம் வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார்.