கடைசிப் பணம் வரும்வரை

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில், நான் கடனைக் கட்டாமல் ஏமாற்றியவள் என்று ஒரு தாளைக் காட்டினார்கள். கருங்குழியில் என் பேரில் பட்டா நிலம் இருந்தது. அஸ்திவாரம் போட்டு, சுவரும் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மறைமலைநகர் கம்பெனியில் மாதாமாதம் சம்பளம் வருகிறது. எல்லாம் இருந்தும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு வரி குறுக்கே நின்றது: மூன்று தவணை பாக்கி, வராக்கடன்.

அது குழுக் கடன். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி, வாரா வாரம் கட்டி முடித்தது. கடைசி ஆளின் பணம் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். சோறு குழைந்தாலும், கம்பெனி பஸ் போய்விட்டாலும் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வசூலுக்கு வருகிறவர் “எல்லாரும் கிளம்பலாம்” என்றால்தான் விடுதலை.

எங்களில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்த மூன்று வாரமும் அவள் தவணையையும் நானே கட்டினேன். திரும்பி வந்தவள், நான் பகல் ஷிஃப்டில் இருந்த மூன்று வாரம் எனக்காகக் கட்டினாள். வசூல்காரர் அதையும் அவள் பேரிலேயே எழுதிவிட்டார். தவணைக்குக் கையெழுத்து வாங்கும் அட்டையைத் திறந்து பார்க்காதது எங்கள் தப்பு. கட்டி முடித்த சந்தோஷத்தில் யார் பார்த்தார்கள்?

ரிப்போர்ட் கொடுக்கும் கம்பெனிக்கு ஆன்லைனில் ஆட்சேபம் போட்டேன். கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டோம், பதிவு சரிதான் என்கிறார்கள் என்று ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

கடன் கொடுத்த நிறுவனத்தின் செங்கல்பட்டுக் கிளைக்குப் போனால், பழைய வசூல்காரர்தான் இப்போது மேலாளர். சின்னத் தொகைதானே, கட்டிவிடுங்கள், ‘செட்டில்மெண்ட்’ என்று போட்டு முடித்துவிடுகிறேன் என்றார். அந்த வார்த்தையும் ரிப்போர்ட்டில் கறைதான் என்று எனக்குத் தெரியும். அதோடு, கட்டினால் ஏமாற்றியதாக நானே ஒப்புக்கொண்டதாகும்.

என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். “இன்னாத்துக்குப் பேஜாரு? கட்டிட்டு வூட்ட முடிக்கலாம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தராத பணமென்றால் தருவேன், தந்த பணத்தை இன்னொரு தரம் தர நான் என்ன கேனையா?

அன்று எனக்காகக் கட்டியவள் இப்போது புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போய், துணிகளுக்கு அடியிலிருந்து தன் அட்டையை எடுத்தாள். என் அட்டையில் மூன்று கட்டம் காலி, அவள் அட்டையில் மூன்று கையெழுத்து அதிகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் சொன்னாள்: “யக்கா, உன் பணம் என் அட்டையிலதான் கீது. நானும் வரேன். எல்லாரையும் இட்டுகினு போலாம்.”

திங்கள்கிழமை பத்துப் பேரும் கிளைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தோம். இரண்டு அட்டைகளையும் மேலாளரின் மேஜையில் வைத்தேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன், நீங்கள் போங்கள் என்றார்.

“கடைசி பணம் வர்ற வரைக்கும் எங்கள உக்கார வெச்சீங்களே சார், அதே மாதிரி உக்காந்துகினு கீறோம். லெட்டர் வரட்டும்” என்றேன்.

ஏதேதோ போன் பேசினார். மதியம் டீ வாங்கித் தந்தார், குடித்தோம். எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்குக் கடிதம் வந்தது: தவணை எதுவும் தவறவில்லை, பிழை எங்கள் பதிவில், கிரெடிட் ரிப்போர்ட்டில் திருத்தச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

“எல்லாரும் கிளம்பலாம்” என்றார், பழைய பழக்கத்தில்.

ஒருத்தியும் அசையவில்லை. ஒன்பது பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன். அப்புறம்தான் சொன்னேன்.

“கெளம்பலாம்டி.”