வலப்பக்கம் குத்திய மெடல்

ஒரு படத்தைப் பார்க்கவா கோவையிலிருந்து திருவொற்றியூருக்குப் போனாய் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். பழைய படத்தில் இருக்கும் சிப்பாய் எந்தப் படை, எந்தக் காலம் என்று உடுப்பை வைத்துக் கண்டுபிடிப்பது என் கிறுக்கு. போன தை மாதம் ஒருவர் வாட்ஸ்அப்பில் மங்கலான படம் ஒன்றை அனுப்பினார். "எங்கம்மா அவங்க அப்பாவைப் பார்த்ததே இல்லை. எந்தப் படை என்று சொன்னால் போதும்." கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ, நாற்பது ரூபாய். பிறகு ஷேர் ஆட்டோ, இருபது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையவே இல்லை. "இன்னா சார் அவசரம்? ஹார்பர் கேட்டு தொறந்தாதான் நவுரும், குந்து" என்றார் ஓட்டுநர். மூன்று கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். மணலி ஆலைக் காற்று வேறு மூக்கை அரித்தது, முகக்கவசம் அவசியம்.

மீனவர் குப்பத்தில் படம் அனுப்பியவரின் அம்மா தேசம்மாவின் வீடு. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, குரல் மட்டும் கணீர். அன்று அமாவாசை. சுவரில் அந்தப் படத்துக்குப் புது மாலை, முன்னால் வடையும் பாயசமும்.

"எங்க நைனா. நான் வயித்துல கீறப்போ சண்டைக்குப் போனாரு, பர்மாலயே பூட்டாரு. சித்தப்பாதான் என்னிய வளத்தாரு."

மாலையை விலக்கிப் பூதக்கண்ணாடியை வைத்தேன். காக்கிச் சட்டையின் கை விரல் வரை தொங்கியது, இரவல் சட்டை. நெஞ்சில் நட்சத்திர மெடல். அது போர் முடிந்த பிறகுதான் வீடுகளுக்கு வந்தது. அதுவும் வலப்பக்கம்! தன் மெடலைச் சிப்பாய் இடப்பக்கம் குத்துவார். செத்தவருடையதை உறவினர் வலப்பக்கம் குத்துவார். படம் இடம் வலமாக அச்சாகியிருக்குமோ என்று பொத்தானைப் பார்த்தேன். ஆண்கள் சட்டைக்கு உரிய வலப்பக்கத்தில்தான் இருந்தது.

தேசம்மாவுக்கு இருக்கும் ஒரே அப்பா முகம் இது. எப்படிச் சொல்ல?

"இன்னா கண்ணு, மூஞ்சி மாறிப்போச்சி? சொல்லு."

சொல்லிவிட்டேன். இது உங்கள் அப்பா இல்லை. அவர் இறந்த பிறகு அவர் சட்டையையும் மெடலையும் போட்டுக்கொண்ட நெருங்கிய சொந்தம்.

தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "நைனாவுக்குக் கூடப்பொறந்தவரு ஒர்த்தர்தான். நைனா மூஞ்சிய காட்டுன்னு நான் அழுதுகினே இருப்பேனாம், சித்தப்பாதான் இத்த எடுத்தாந்தாரு. ஐயோ, படையல் போட்டா மட்டும் உள்ள வரமாட்டாரே! வாசல்லயே குந்திகினு இருப்பாரே!"

உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? இங்கே அமாவாசைதோறும் போட்டிருக்கிறார்கள், சித்தப்பா வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே. அண்ணன் சாடை என்று ஊரும் விட்டுவிட்டது. தாடியும் வளர்த்துக்கொண்டாராம்.

"கேமராவப் பாத்தா ஓடிடுவாரு, கண்ணு. அவரு போனப்போ மாட்டி வெக்க ஒரு படங்கூட இல்லியேன்னு அவ்ளோ அழுதேன்."

இப்படிப் படம் பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், சாலை கொஞ்சம் காலியாக இருக்கும். முதலில் மெடல் எந்தப் பக்கம் என்று பாருங்கள், அடுத்து பொத்தான். அமாவாசையன்று மட்டும் போகாதீர்கள். எந்தப் படை என்று என்னால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. தோள்பட்டை அடையாளம் அழிந்துபோயிருந்தது.

நான் செருப்பு மாட்டும்போது தேசம்மா தெருவில் போன பூக்காரியை நிறுத்தி இன்னும் இரண்டு முழம் வாங்கினார். உள்ளே போய் அதே படத்தில், முதல் மாலைக்கு மேலேயே போட்டார்.

"அது நைனாவுக்கு. இது உனுக்கு. இப்போவாவது உள்ள வா, சித்தப்பா."