பிடுங்கி எறிந்த புல்

சுனாமியில் கடல் கொண்டுபோன வீட்டின் அத்திவாரத்தில், உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகுதான் கல்லடியில் மறுபடி வீடு கட்டினோம். முன்னால் ஒரு புல்தரை வேண்டும் என்பது என் பிடிவாதம். உப்பேறிய மணலுக்கு மேல் செம்மண் பரப்பி, புல் பதித்து, நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினேன். அது பச்சை பிடித்த நேரத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்புக்குப் போனோம்.

திரும்பி வந்து படலையைத் திறந்தால் புல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேலியோரம் குவிந்து காய்ந்துகிடந்தது. முற்றம் முழுக்க விளக்குமாறு இழுத்த கோடுகள். பக்கத்து வளவு மல்லிகா சிரித்துக்கொண்டு வந்தாள். மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் பெரியகல்லாற்றில் மாதக்கணக்கில் நின்றுவிட்டு, நாங்கள் இல்லாத நேரத்தில்தான் வீடு திரும்பியிருந்தாள்.

“நீ வாறதுக்குள்ள துப்பரவாக்கி வெச்சிட்டன்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆரக் கேட்டுப் புடுங்கினாய்? நான் ஆசையா நட்ட புல்லு அது.”

“புல்ல ஆரும் நடுவாங்களா புள்ள?” உண்மையாகவே திகைத்தாள். “கடல் வந்த பிறகு இந்தத் தெருவில ஆக்கள் மிஞ்சாத வீட்டு முத்தத்திலதான் புல்லு மண்டினது. நாளாந்தம் அதுகளத் தாண்டித்தான் போய் வந்தன். நீ உசிரோட இருக்காய். உன்ட முத்தம் அப்பிடிக் கிடக்கலாமா?”

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். என் புல்லை என்னைக் கேட்காமல் பிடுங்க அவள் யார் என்று இன்றைக்கும் கேட்பேன். மறுபடியும் புல் நட்டேன், வீட்டின் பின்பக்கம், அவள் கண்ணில் படாத இடத்தில். முன் முற்றத்தை விடியலில் கூட்டுகிறேன், அவளைத் திட்டிக்கொண்டுதான். ஆனால் விளக்குமாற்றுக் கோடு விழாமல் ஒரு நாளும் விட்டதில்லை.