நான் சொன்ன பயணம்

ஹாஜியார், நீங்கள் தெரிந்துகொண்டே பொய் சொன்னீர்கள். வாய் தவறவில்லை. யாரும் உங்களுக்குப் பிழையாகச் சொல்லித் தரவும் இல்லை. பள்ளிவாசல் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்த ஊர் முழுக்கக் கேட்க, என்னைப் பற்றிப் பொய் சொன்னீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் பள்ளிவாசலின் தலைவர் நீங்கள். பஸாரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கந்தோர் வைத்திருப்பவரும் நீங்கள். ஊருக்கு இது போதும்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அதற்கு முதல் ஒன்பது வருடம் டுபாயில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். அந்த வீட்டு மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது உலகத்திலேயே உயரமான அந்தக் கோபுரம் தெரியும். ஈரத் துணிகளுக்கு நடுவில் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஒன்பது வருடமும் போனது.

கோபுரத்தின் அடிக்கும் போயிருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் நடப்பார்கள், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். அங்கே ஒரு பெரிய குளம், அதில் பாட்டுக்கு ஏற்ற மாதிரித் தண்ணீர் எழும்பி ஆடும். சனம் வாயைத் திறந்துகொண்டு பார்க்கும். நான் பார்த்தது பிள்ளையின் கையை. அது ஐஸ்கிரீமைத் தன் சட்டையில் கொட்டிக்கொண்டால் எனக்குத்தான் ஏச்சு. குளத்தைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து பார்க்க நீட்டு வாங்கில்கள் போட்டிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் நான் அதில் இருந்ததில்லை. இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு அந்த வாங்கிலில் இருக்க வேண்டும். கையில் யாருடைய பிள்ளையும் இல்லாமல், ஒரு தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இதைத்தான் நீங்கள் ஊருக்கு முன்னால் குற்றமாக்கினீர்கள்.

என்னோடு அங்கே வர இருந்தவள் சொறிக்கல்முனைக்காரி, பக்கத்துக் கிறிஸ்தவ ஊர். முதல் தடவை வெளிநாடு போகும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சந்தித்தோம். இரண்டு பேர் கையிலும் ஏஜென்சி கொடுத்த ஒரே மஞ்சள் பை. இரண்டு பேருக்கும் கக்கூஸ் எங்கே என்று கேட்கப் பயம். அன்றிலிருந்து பழக்கம். அவளும் டுபாயில்தான் இருந்தாள், வேறொரு வீட்டில். இப்போது ஊரில் தயிர் விற்கிறாள். தயிர்ச் சட்டி கொடுக்க வரும்போது என் குசினியில் இருந்து ஒரு பாடு கதைத்துவிட்டுத்தான் போவாள்.

துருக்கிக்குப் போவோம் என்று சொன்னவள் அவள்தான். தொலைக்காட்சி நாடகத்தில் பார்த்த கடலையும் மலையையும் நேரில் பார்க்க வேண்டுமாம். மகளின் போனில் தேடினோம். ஆகக் குறைந்த டிக்கெட்டில் போனால் டுபாயில் இருபத்தாறு மணித்தியாலம் தங்க வேண்டும் என்று இருந்தது. "ஆருக்கும் விருப்பமில்லாத டிக்கெட்டு, அதான் மலிவு" என்றாள் மகள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் குசினியில் வேறு கதை இல்லை. கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோதான். பெரிய பைக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அது வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தின்னக் கொண்டுபோகும் மாசிச் சம்பல் போத்தலைச் சொறிக்கல்முனைக்காரி மா நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு கிலோக்கு மேல வருது. போத்தல விட்டுட்டுப் பையில கட்டுவமா?"

"கட்டு. போத்தல் விமானத்துல ஒடஞ்சி ஊத்தினா ரெண்டு பேரையும் எறக்கி விட்டுருவானுகள்."

"குளிராம்கா அங்க. சுவெட்டர் ரெண்டு வேணும்."

"ஒண்டு போதும்கா. முன்னேரம் நீ போடு, பின்னேரம் நான் போடுறன்," என்றேன்.

"அப்ப பின்னேரம் நான் அறைக்குள்ள கிடக்கிறதா? உங்களுக்கு நல்ல மூளை!"

இப்படித்தான் நாங்கள் திட்டம் போட்டோம். துருக்கியில் பொம்பிளைகள் மட்டும் தங்கும் அறையில் இரண்டு கட்டில், டுபாயில் ஒரு சின்ன ஹோட்டலில் ஒரு இரவு. அடுத்த நாள் பகல் முழுக்க வாங்கில்.

பிறகு உங்கள் கந்தோருக்கு வந்தோம், ஹாஜியார். உங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு கதிரைகளில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். என் தலையில் முக்காடு. அவள் கழுத்தில் சிலுவை. இரண்டு பாஸ்போட்டையும் நீங்கள்தான் கையில் வாங்கினீர்கள்.

"இருவத்தாறு மணித்தியாலம் டுபாயில நிக்கணுமே ராத்தா, வேற டிக்கெட் பாப்பமா?" என்று கேட்டீர்கள்.

"அதுதான் வேணும் ஹாஜியார். வெளிய போக வீசாவும் எடுத்துத் தாங்க."

நீங்கள் சிரித்தீர்கள். "வேல செஞ்ச எடத்துக்கு ஆராவது விருந்தாளியாப் போவாங்களா?"

"நாங்க போவம்," என்றாள் அவள்.

இப்போது என் பிழையையும் எழுதுகிறேன். அடுத்த வீட்டு மாமி, "என்னகா, புதுப் பையெல்லாம் வாங்கியிரிக்காய்?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டா. "பயணமொண்டு இரிக்கி மாமி" என்றேன். எங்கள் ஊரில் இளம் பொம்பிளை பயணம் என்று சொன்னால் வெளிநாட்டு வீட்டு வேலை. என்னைப்போல ஐம்பதைத் தாண்டியவள் பயணம் என்று சொன்னால் மக்கம், ஹஜ்ஜோ உம்ராவோ. எங்களுக்கு மூன்றாவது பயணம் என்று ஒன்று இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். வேறு சொல் என் வாயில் வரவில்லை. உல்லாசப் பயணம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மாமி வேலியைச் சுற்றி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. கண் கலங்கிப் போய்விட்டது. "என்ட ஸலாத்த ரசூலுல்லாஹ்க்கு எத்தி வைகா. எனக்கு இனிப் போக ஏலா." மதீனாவில் நபியின் அடக்கத்தலத்தில் சொல்லச் சொல்லி, போகிறவர்களிடம் ஸலாம் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம்.

"மாமி, நான் மக்கத்துக்குப் போகல்ல. துருக்கிக்குப் போறன்."

"அதுவும் அந்தப் பக்கந்தானே. போற வழியில எறங்கிட்டுப் போ."

அந்த மனுசிக்கு நான் என்ன சொல்ல? ஆனாலும் இரண்டாம் முறையும் சொன்னேன், மூன்றாம் முறையும் சொன்னேன், விளங்கும் வரைக்கும் சொன்னேன். பிறகு ஸலாம் சொல்ல வந்த ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே சொன்னேன். யாருடைய ஸலாத்தையும் நான் ஏமாற்றி வாங்கவில்லை. கேட்டுப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் உயிரோடு ஊரில்தான் இருக்கிறார்கள்.

கதை அதோடு ஓய்ந்திருக்கும். நீங்கள் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சோற்றுக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். தொழுகை முடிந்து உங்கள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. இந்தப் பள்ளி மஹல்லாவின் சகோதரி ஒருவர், இடியப்பம் விற்றுச் சேர்த்த காசில் உம்ராவுக்குப் போகிறார், எல்லோரும் துஆ செய்யுங்கள் என்றீர்கள். அதே மூச்சில், உங்கள் உம்ராக் குழுவில் இன்னும் இடம் இருக்கிறது, விரும்பியவர்கள் கந்தோருக்கு வரலாம் என்றும் சொன்னீர்கள். கஞ்சி என் கையில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்று பின்னேரமே உங்கள் கந்தோருக்கு வந்தேன்.

"ஹாஜியார், நான் எங்க போறண்டு உங்களுக்குத் தெரியும். திருத்திச் சொல்லுங்க."

"நல்ல காரியந்தானே ராத்தா. ஊரே துஆ செய்யிது. இந்த டிக்கெட்ட விட்டுட்டு என்ட குறூப்புல வாங்க. ஒரு எடம் வெச்சிரிக்கன்."

"மனசுல வெக்கிற நிய்யத்து ஆர்ர? என்டயா, உங்கடயா?"

நீங்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டீர்கள். மணி அடிக்காத போன்.

உம்ரா வேண்டாம் என்று சொன்னவள் என்று என்னைப் பற்றிக் கதைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் உம்ரா செய்திருக்கிறேன். மூன்றாம் வருட நோன்பு மாதத்தில் அந்த வீட்டார் மக்கத்துக்குப் போனபோது பிள்ளையைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். இடுப்பில் அவர்களின் பிள்ளையோடுதான் கஃபாவைச் சுற்றினேன். துஆ கேட்கக் கையை உயர்த்த ஒரு கைதான் இருந்தது. யாரும் என்னை மாலை போட்டு வழியனுப்பவில்லை, ஸம்ஸம் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வரவுமில்லை. அல்லாஹ் அதை ஏற்றுக்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன். இன்னொரு முறை போவதென்றால் என் மனம் சொல்லிப் போவேன். ஊர் வாயை மூடுவதற்காகவும் உங்கள் குழுவில் ஒரு இடத்தை நிரப்புவதற்காகவும் போகமாட்டேன்.

இரண்டு வெள்ளி கழிந்து மறுபடி மைக்கைப் பிடித்தீர்கள். சில பொம்பிளைகள் உம்ரா என்று ஊரை ஏமாற்றி, ஸலாம்களை வாங்கி வைத்துக்கொண்டு, மாற்று மதத்துக்காரரோடு ஊர் சுற்றப் போகிறார்கள், குடும்பத்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. இடியப்பம் என்று முதலே சொல்லியாயிற்று, இனிப் பெயர் எதற்கு?

மருமகன் தொழுதுவிட்டு வந்தவர் சாப்பிடவில்லை. சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். நான் டுபாயில் உழைத்துக் கட்டி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு அது. அதன் பின்னறையில் இருப்பவள் நான். என் வீட்டில் என்னால் ஒருவர் பசியோடு எழும்பிப் போனது அன்றுதான் முதல் தடவை.

"உம்மா, உம்ராவுக்கே போயிட்டு வாங்களே. வாய மூடிருவானுகள்," என்றாள் மகள்.

"அவனுகள்ர வாய மூடவா மகள் கஃபா இரிக்கி?" என்று கேட்டேன். அவள் அழுதாள். நான் அழவில்லை.

அழ வைத்தது சொறிக்கல்முனைக்காரி. செவ்வாய்க்கிழமை தயிர்ச் சட்டியோடு வந்தாள். வழக்கம்போல குசினிக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் வரல்ல. என்னச் சேத்ததாலதானே உங்களுக்கு இவ்வளவு கரச்சல். நீங்க உங்கட ஆக்களோட போங்க."

"என்ட ஆக்கள் ஆருகா? கட்டுநாயக்காவுல என்னோட நிண்டது ஆரு?"

"அது அப்ப. இப்ப மைக்குல சொல்லிட்டாங்க. மைக்குல சொன்னத மைக்குலதான் எடுக்கணும். எடுத்தா வாறன்."

சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஒன்பது வருட வேலை எங்களைப் பிரிக்கவில்லை. வந்த பிறகு ஊரில் நடந்த எந்தக் கலவரக் கதையும் பிரிக்கவில்லை. நீங்கள் ஒரு நிமிடத்தில் பிரித்தீர்கள்.

டிக்கெட் இன்னும் செல்லும். அடுத்த மாதம் வரை நாள் இருக்கிறது. பையை நான் பிரிக்கவில்லை. சுவெட்டர் ஒன்றுதான் வாங்கினேன், அதுவும் பைக்குள் கிடக்கிறது. அவள் இல்லாமல் நான் அந்த வாங்கிலில் இருக்கப் போவதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அது உங்கள் கையில் இருக்கிறது.

என்னிடம் தனியாக வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். மருமகனைக் கந்தோருக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துச் சமாதானம் கதைக்கவும் வேண்டாம். சிலுவை போட்ட பொம்பிளையின் பாஸ்போட்டைக் கையில் வாங்கி, துருக்கிக்கு டிக்கெட் போட்டு, டுபாய்க்கு வீசாவும் எடுத்துத் தந்த நீங்கள், அதை உம்ரா என்று எப்படிச் சொன்னீர்கள்? யாருடைய வியாபாரத்துக்காகச் சொன்னீர்கள்?

வருகிற வெள்ளி சோற்றை நேரத்தோடு ஆக்கி இறக்கிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, குசினி யன்னலைத் திறந்து வைத்திருப்பேன். அதே பள்ளியில், அதே மைக்கில், சொறிக்கல்முனை வரைக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கள், ஹாஜியார்.